ஒரு முகவரிக்கு ஒரு ஓட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். முறையாக எழுதிக் கேட்டால் நியாயம் கிடைக்கும் என்று நம்பியவன். மில்லில் இலவச மென்பொருளைப் போடவைத்ததும் நான்தான். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று மேனேஜரிடம் மனப்பாடமாகச் சொல்லியிருந்தேன்.

புதிய பிரிண்டருக்காக அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பைப் போட வேண்டியதாயிற்று. திரையின் தோற்றமே மாறிப்போயிருந்தது. கரும்பலகைக் கறுப்பில் பின்னணி, அதன்மேல் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. பயன்படுத்துகிறவர்கள் கருத்து எழுதலாம், பெரும்பாலோர் சொல்வதை நிரந்தரமாக்குவோம் என்று அதைச் செய்தவர்கள் தங்கள் மின்னஞ்சல் குழுவில் அறிவித்திருந்தார்கள்.

மாட்டிக்கொண்டது நூல் கணக்கு ஏற்றும் அக்கா. நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வருஷக்கணக்காக நின்று கால் வீங்கி, டைப்பிங் படித்துப் பாஸ் பண்ணி, அந்த நாற்காலிக்கு வந்தவர். எண் தப்பினால் பழையபடி வைண்டிங்தான் என்று சொல்லித்தான் மேனேஜர் உட்காரவைத்திருந்தார்.

"புதுசு எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு தம்பி."

எங்கள் பக்கத்தில் ஒருவர் செய்ததைக் கொண்டுவந்து காட்டினால் அப்படித்தான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாருக்கும் அதே பதில். ஆனால் அக்காவின் மூக்கு மானிட்டரில் முட்டிக்கொண்டிருந்தது. கேள்வியை மாற்றினேன்.

"இத நான் செய்யலக்கா. யாரோ வெளிநாட்டுக்காரன் செஞ்சது. அவனுக்கு என்ன சொல்ல?"

"அப்படிச் சொல்லுங்க! அந்தக் களவாணிப்பய வீட்டுல கரண்டு இல்லையாக்கும்? மூணு எது, எட்டு எதுன்னு தெரியல தம்பி. சாயங்காலம் ஆனா கண்ணுல மொளகா தேச்சாப்ல எரியுது."

பக்கத்து நாற்காலி கேஷியரும் வாயைத் திறந்தார். "எழுத்தா இது? சாம்பல்ல கோழி கிளறுன மாதிரில்லா இருக்கு."

ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை ஆபீசிலும் இப்படித் திட்டச் சொல்லியே கேட்டு வந்தேன். ஒவ்வொருவர் என்ன வேலை செய்கிறார், என்ன கஷ்டம் என்று தனித்தனியாக, பணிவான ஆங்கிலத்தில் எழுதி, பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினேன். அவர்கள் யாருக்கும் மின்னஞ்சல் கிடையாது. எல்லாம் என் முகவரியிலிருந்தே போயிற்று.

பதில் வரும்வரை அக்காவின் திரையை மட்டும் வெள்ளையாக்கி, கறுப்பில் பெரிய எழுத்து வைத்துக் கொடுத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, அவுகளுக்கு ஒண்ணு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒண்ணா? எல்லா மிஷினும் ஒண்ணு போல இருக்கணும். செஞ்சவன் மாத்தி அனுப்பட்டும், போட்டுக்கிடலாம். நீ கைய வைக்காத."

தன் எதிரிலேயே என்னைப் பழையபடி மாற்ற வைத்தார்.

குழுவின் பதில் வந்தது. ஒரு முகவரிக்கு ஒரு ஓட்டுதானாம். இரண்டு ஆபீசின் கண்ணெரிச்சலும் சேர்ந்து என் ஒரு ஓட்டு. கறுப்புத் தோற்றம் அழகாக இருப்பதாகப் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்களாம். அதுவே சமூகத்தின் முடிவாம். எவருடைய சமூகம்? வீட்டில் உட்கார்ந்து செத்த நேரம் பார்த்துவிட்டு அழகு என்றவனுக்கு ஒரு ஓட்டு. நாள் முழுக்க அதையே பார்த்து எண் அடிக்கிறவருக்கு ஓட்டே இல்லை. அவர்களுக்கு மின்னஞ்சல் இல்லை, ஆங்கிலம் இல்லை, கண் இருக்கிறது என்று எழுதினேன். அவரவரே முகவரி தொடங்கி எழுதட்டும் என்றார்கள். விசைப்பலகையைக் குத்தினேன்.

"ஏலே, கீபோர்டு ஒன்ன என்னல செஞ்சது?" என்று சென்டர்காரர் கத்தினார்.

அந்த வாரமே அக்கா அடித்த ஒரு பில்லில் மூன்று எட்டாகிப்போனது. மறுநாள் அக்கா வைண்டிங்கில் நின்றார். நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு அவர் வெளியே வந்தபோது, மறுபடி எழுதப்போகிறேன் என்றேன். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் திட்டுனத எல்லாம் எழுதுனீங்களா?"

"கொஞ்சம் மரியாதையா மாத்தி எழுதுனேன்க்கா."

"அதான் அவனுக்கு ஒறைக்கல. இந்தத் தடவ மழுப்பாம எழுதுங்க. களவாணிப்பயன்னே போடுங்க."

போட்டேன். அடுத்த நாளே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இருந்த ஒரு ஓட்டும் போயிற்று.