புதுத்துணி மட்டும்

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு போர்வை தைக்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் வெயிலைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். சித்திரை மாதம் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு வெறும் பாயில் படுக்கிற ஊர் இது. தெளிப்பதற்குத் தண்ணீர் கிடைத்தால். அப்படிப்பட்ட ஊரில் மூன்று அடுக்குப் போர்வை தைப்பதற்கென்றே ஒரு மன்றம் இருந்தது, அதில் நான் துணைச் செயலாளராகப் பல வருடம் குப்பை கொட்டினேன் என்று சொன்னால் இப்போது என் மகனே நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த ஒரு சிஸ்டர்தான் இதை ஆரம்பித்து வைத்தார். துண்டுத் துணிகளை நட்சத்திரமாகவும் பூவாகவும் சேர்த்து ஒரு முகம் தைக்க வேண்டும். நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் நூல் ஓட்ட வேண்டும். கற்றுக்கொடுத்த கையோடு சிஸ்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. குளிர்ப் பிரதேசம் ஒன்றுக்குப் போனார் என்று கேள்வி. நாங்கள் மட்டும் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில் சனிக்கிழமை மதியங்களில் விடாமல் கூடினோம். குழாயில் தண்ணீர் விடுகிற சனிக்கிழமை மட்டும் கூட்டம் கிடையாது.

மன்றத்தின் தலைவி ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லோருக்கும் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாரே தவிர, பிரம்பை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தார். அவர் போட்ட முதல் விதி, போர்வைக்குப் புதுத்துணி மட்டும்தான் வெட்ட வேண்டும் என்பது. சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததோ வீட்டில் கிடக்கும் பழைய துணியில். ஆனால் எங்கள் பக்கம் ஒட்டுப் போட்ட துணி என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான், வீட்டில் கஷ்டம்.

"பழசுல தச்சா ஊரு என்ன பேசும்? இல்லாதப்பட்டவளுக தச்சுப் போத்துறாளுகனு பேசும். மன்றத்துக்குனு ஒரு மானம் இருக்குல்ல?" என்றார் டீச்சரம்மா.

அதனால் நாங்கள் கடைவீதிக்குப் போய், நல்ல புதுத்துணியாக வாங்கிவந்து, துண்டு துண்டாக வெட்டி, அதை மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தோம். என் கணவர் கொஞ்ச நாள் இதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்காரன் முழுசாத்தான குடுத்தான்?" என்று ஒருநாள் கேட்டார். அவருக்குக் கலை தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேள்வி என்னவோ அங்கேயே நின்றது.

எனக்கு இந்த வேலை பைத்தியமாகப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பைகளில் பாதிப் போர்வைகள் கிடந்தன. ஒன்று நட்சத்திரம் வரை வந்திருக்கும், ஒன்று முகம் முடிந்து பஞ்சுக்குக் காத்திருக்கும். சின்னாளபட்டிச் சுங்குடியும் நைட்டித் துணியும் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே குழம்பைத் தீய விட்டிருக்கிறேன். தைத்த போர்வைகள் எங்கே போயின என்று கேட்டால், பீரோவுக்குப் போயின. வாங்கிக்கொண்ட எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள்: "ஐயோ, அழுக்காகிரும். கொடைக்கானல் போறப்ப எடுத்துக்கிறேன்." கொடைக்கானல் எங்களுக்குப் பக்கம்தான். போனவர்களைத்தான் காணோம்.

இதற்கு நடுவே என் தங்கைக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பத்தில் கல்யாணம் ஆனது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அம்மா வீடு என்றால் என் வீடுதான். மறுவீடு போகும்போது, "உனக்குன்னு ஒரு போர்வை தச்சு வச்சிருக்கேன், அடுத்த தடவை எடுத்துட்டு வாரேன்" என்று வாய்விட்டேன். மறுவீடு முடிந்த வாரமே பங்குச் சாமியாருக்கு மாற்றல் வந்தது. மன்றத்தின் சார்பில் என்ன கொடுப்பது என்று கேள்வி வந்தபோது டீச்சரம்மா கேள்வியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். போர்வை சாமியாரோடு ராமநாதபுரம் பக்கம் போயிற்று. அங்கே வெயில் இன்னும் ஜாஸ்தி.

அடுத்தது அவளுடைய முதல் கல்யாண நாளுக்கு. அதைத் திருவிழா ஏலத்துக்குக் கேட்டார்கள். எங்கள் திருவிழாவில் நேர்ச்சைக்கு வரும் சேவல், தேங்காய், மாம்பழம் எல்லாவற்றையும் கொடிமரத்தடியில் ஏலம் விடுவது வழக்கம். சேவலுக்கும் வாழைத்தாருக்கும் நடுவே என் போர்வை மேலே தூக்கிக் காட்டப்பட்டது. ஒரு பெரிய மளிகைக்கடைக்காரர் வீம்புக்கு ஏற்றிக் கேட்டு எடுத்தார். கொஞ்ச நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது அது டிவிக்கு உறையாகியிருந்தது. செய்தி நேரத்தில் நட்சத்திரங்களை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

தங்கை கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். "அக்கா, நீ எனக்குத் தச்சது எல்லாருக்கும் கிடைக்குது, எனக்குத்தான் கிடைக்கல" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பிறகு அவளுக்கே சிரிக்க முடியாத வருடங்கள் வந்தன. முதல் குழந்தை பிறந்து ஒருநாள்கூடத் தங்கவில்லை. அடுத்தது நிற்பதற்குப் பல வருடம் ஆனது. இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வளைகாப்பு முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"அக்கா, இந்தத் தடவை எனக்கு வேணாம். பிள்ளைக்குத் தை. ஆஸ்பத்திரில பிள்ளைய உன் துணிலதான் வாங்கணும். அம்மா இருந்தா அம்மா வாங்கியிருக்கும்ல."

சரி என்று தலையாட்டினேன். எது போனாலும் இந்தப் போர்வை போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பார்த்து வைத்தாற்போல அதே நேரத்தில் மாவட்ட அளவில் ஒரு கைவினைக் கண்காட்சி அறிவிக்கப்பட்டது. மன்றத்துக்குச் சாமி வந்துவிட்டது. கண்காட்சிக்கான பெரிய போர்வையை என் வீட்டு முன்னறையில் விரித்துச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள், ஏனென்றால் ஹாலில் ஃபேன் ஓடவில்லை. அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, கூடவே நூல் ஓட்டி, அவர்கள் போன பிறகு பிள்ளைப் போர்வையை எடுத்து உட்கார்வேன். கட்பீஸ் கடைகளில் தேடித் தேடிப் பொறுக்கிய துணி அது. இளமஞ்சளும் பச்சையும். கஞ்சி மடிப்புக்கூடக் கலையாத புதுசு. அப்படி நேரான மூலைகளை அதற்கு முன்னும் பின்னும் நான் தைத்ததில்லை. மன்றத்துக் கண்ணில் படாமல் இருக்க, பீரோவில் கணவரின் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

டீச்சரம்மா ஒருநாள் குண்டூசி தேடுகிற சாக்கில் பீரோவைத் திறந்துவிட்டார்.

"ஏம்மா, இது யாருக்கு? இம்புட்டு நல்லா வந்திருக்கு. கண்காட்சிக்கு இதையும் வச்சிரலாமே."

"வைக்க முடியாது டீச்சரம்மா."

"ஏன்?"

"என் தங்கச்சி பிள்ளைக்கு."

"பிள்ளை இன்னும் பெறக்கலையேம்மா."

"பெறக்கும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன்னறையில் ஊசிகள் எல்லாம் நின்றன. டீச்சரம்மா பீரோவை மெதுவாகச் சாத்தினார். மன்றத்தில் நான் முடியாது என்று சொன்ன முதல் சந்தர்ப்பம் அது. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது, அந்த வாரம் முழுக்க.

தங்கைக்கு வலி எடுத்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒட்டன்சத்திரத்திலிருந்து அவள் மாமியார் காரில் வந்து இறங்கினார். வாய் ஓயாத, கை நிறைய வளையல் போட்ட மனுஷி. அன்றைக்கு அந்த வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். போன முறையும் இதே மாதிரி ஒரு பெஞ்சில்தான் இருந்தோம். நான் ஜெபமாலை உருட்டினேன். மடியில் மஞ்சளும் பச்சையுமாகப் போர்வை தயாராக இருந்தது.

குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நர்ஸ் கதவைத் திறந்து, "பொம்பளப் புள்ள. நல்லா இருக்கு. துணி குடுங்க" என்றார்.

நான் போர்வையை உதறி நீட்டினேன். மாமியார் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏனுங்க, என்னங்க இது? கோடித்துணிங்களா?"

"ஆமாங்க. புதுசா, இதுக்குன்னே..."

"பச்சப் புள்ளைய கோடிலயா வாங்குறது?" என்றார். "போன வாட்டி உசுரு போன புள்ளையக் கோடிலதானுங்க சுத்திக் குடுத்தாங்க."

தெரியாத விஷயமா இது? பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லை. பழைய வேட்டி, பழைய சேலையைத்தான் கிழித்து வைப்போம். என் மகனையே அப்பாவின் வேட்டியில்தான் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒன்றை, மன்றத்தின் துணைச் செயலாளர் மறந்திருக்கிறாள். பழசு என்றால் கேவலம் என்று சனிக்கிழமை தவறாமல் கேட்டுக் கேட்டு, அது எனக்கு வேதமாகிவிட்டிருந்தது. நர்ஸ் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

மாமியார் எங்கள் பையைத் தரையில் கொட்டினார். பிளாஸ்க், சீப்பு, சோப்பு டப்பா, நைட்டி. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து என் பழகுதுணி வந்தது.

பழகுதுணி என்றால் ஒன்றுமில்லை. புது மாதிரி எதைத் தைப்பதென்றாலும் முதலில் வீணானாலும் பரவாயில்லை என்று பழந்துணியில் தைத்துப் பார்ப்பேன். அம்மாவின் நூல் சேலைகள், அப்பாவின் வேட்டி, இப்படி எது கிழிந்ததோ அது. அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சிஸ்டர் காலத்திலிருந்து வளர்ந்துகொண்டே வந்தது அது. ஒரு நட்சத்திரத்துக்குக்கூட மூலை நேராக இருக்காது. டீச்சரம்மா கண்ணில் மட்டும் அது பட்டதே இல்லை. தங்கை என் வீட்டில் இருந்த மாதங்களில் அதைத்தான் தலைக்கு வைத்துப் படுத்தாள். அம்மா சேலை என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அலசிக் காயவைத்து அவளே மடித்துப் பையில் வைத்திருக்கிறாள்.

மாமியார் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நைஞ்சு மெத்துனு இருக்குதுங்க. இது யாரு தச்சதுங்க?"

"நான்தான்" என்றேன்.

"இதைய வெச்சுக்கிட்டா அதைய நீட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நர்ஸிடம் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையை அதில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். நான் சத்தமாக அழுதேன். உள்ளே போனபோது தங்கை கண்ணை முழுதாகத் திறக்காமலே துணியைத் தடவிப் பார்த்தாள்.

"ஒருவழியா குடுத்துட்ட" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு டீச்சரம்மா ஆரஞ்சுப் பழத்தோடு குழந்தையைப் பார்க்க வந்தார். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"ஏம்மா, இதையா விரிச்சிருக்க? மன்றத்துல இருக்கவ தச்சதுன்னு வெளிய சொல்லிராத." பிறகு பீரோ பக்கம் திரும்பி, "அப்ப அந்த மஞ்சப் போர்வை சும்மாதான இருக்கு?" என்றார்.

நானே எடுத்துக் கொடுத்தேன். கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அழுக்காகிவிடக் கூடாது என்று கண்ணாடித்தாள் போட்டு மன்றத்து அலமாரியில் பூட்டி வைத்தார்கள்.

பழகுதுணியை நான் காலையிலும் மாலையிலும் துவைத்துப் போட்டேன். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் லாரித் தண்ணீர் பிடித்துத் துவைத்தேன். குழந்தை அதை ஒருநாளும் காய விடவில்லை.