வீடு பார்க்க வந்த மேடம்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீடு காலையில் பணக்கார வீடானது. சாயங்காலத்துக்குள் மறுபடி ஏழை வீடாகிவிட்டது. லாட்டரியும் இல்லை, திருட்டும் இல்லை. அரசாங்கம் வீடு பார்க்க வந்தது... அவ்வளவுதான்!

சின்னமனூரில் எங்கள் தெருக்கோடியில் இருப்பவள் செல்வி. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. புருஷன் இறந்துவிட்டான். மகள் தர்ஷினி ஏழாவது படிக்கிறாள். "பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்பு, என் கைக்குழந்தையைப் பார்த்துக்கட்டும். படிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று நாத்தனார் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். செல்விக்கு மனசில்லை. ஆனால் கையில் காசும் இல்லையே?

தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஏதோ கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். "விசாரிக்க வீட்டுக்கு மேடம் வருவாங்க" என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. அங்கேதான் வந்தது வினை.

வெளியாள் வீடு பார்க்க வந்தால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் — பெண் பார்ப்பது! மாப்பிள்ளை வீட்டார் யார் வீட்டுக்கு வந்தாலும், அந்த வீட்டுக்குத் தெருவே சாமான் இரவல் கொடுக்கும். யாரும் கேட்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா தலைமையேற்றார். முதலில் டிவி வந்தது. டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எதிர்வீட்டு ராசாத்தியின் செயின் தர்ஷினி கழுத்தில் ஏறியது. பேச்சியம்மா வீட்டு ஃப்ரிட்ஜை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். செருக பிளக் பாயிண்ட் இல்லை. அதனால் என்ன? நின்றால் போதாதா! என் மனைவி தன் பங்குக்கு எங்கள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"இல்லாதப்பட்ட வீடுதானான்னு பார்க்கத்தான் அவுக வாராக. புரியுதா இல்லையா?" என்று கத்தினேன்.

"அதுக்காக? வந்தவுக முன்னாடி எங்க பிள்ளைய பிச்சக்காரி மாதிரி நிறுத்தச் சொல்றீகளா? நீங்க சும்மா இருங்கண்ணே!" என்றார் பேச்சியம்மா.

"வேணாம்க்கா..." என்று செல்வியும் முனகிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? அதற்குள் கேசரி கிண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

காலையில் வருவதாகச் சொன்ன மேடம் மூன்று மணிக்கு மேல்தான் வந்தார். உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே பேச்சியம்மாவின் இட்லி மாவு.

"டிவி இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு, பாப்பா கழுத்துல செயின் இருக்கு... நல்லாத்தானே இருக்கீங்க? நான் என்னன்னு எழுதுறது?"

செல்வி மகளைப் பார்த்தாள். இரவல் என்று சொன்னால் கொடுத்தவர்களுக்கு அவமானம். சொல்லாவிட்டால் மகள் திருப்பூருக்குப் போகவேண்டும். கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட நான் வாயைத் திறந்தேன்... பேச்சியம்மா முறைத்தார், மூடிக்கொண்டேன்.

அப்போது வாசலில் ராசாத்தியின் குரல். மேடம் போயிருப்பார் என்ற நினைப்பு அவளுக்கு.

"ஏத்தா தர்ஷினி, செயினைக் கழட்டு! வடுகபட்டியில விசேஷம், பஸ்ஸு போயிரும்!"

செயின் போயிற்று. அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. "சீரியல் போட்டுருவான்" என்று டிவி கொடுத்தவர் வயரைச் சுருட்டினார். "மாவு புளிச்சுரும் மேடம், தப்பா நெனைக்காதீக" என்று பேச்சியம்மாவே ஃப்ரிட்ஜைத் தூக்க ஆள் கூப்பிட்டார். மிக்ஸிக்கு என் மனைவி. மேடம் பேனாவைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மேடம், கோவிச்சுக்கிராதீக... கடையில ஆளு நிக்கிறாக. அந்தச் சேரு..."

மேடம் எழுந்தார். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு அடுப்பு, ஒரு குடம், சில பாத்திரங்கள், கொடியில் துணி, மூலையில் தர்ஷினியின் புத்தகப் பை.

"என் பிள்ளை படிக்கணும் மேடம்" என்றாள் செல்வி. அன்றைக்கு அவள் வாய்விட்டுப் பேசியது அது ஒன்றுதான்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுவரில் பேப்பரை வைத்து, நின்றுகொண்டே எழுதினார். "பாப்பா எங்கேயும் போக வேண்டாம்மா, இங்கேயே படிக்கட்டும். உட்கார நாற்காலிகூட இல்லாத வீடுன்னு எழுதியிருக்கேன். உதவி வந்துரும்" என்றார். செல்வி சேலை முந்தியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மேடத்தின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. கேசரித் தட்டோடு நின்ற பேச்சியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாற்காலி இல்லைன்னு எழுதிட்டாகளே... அடுத்த தடவை வரட்டும், சோபாவே எறக்கிருவோம்!"