மேசையில் இல்லாத பச்சை

சின்னப் பெயின்ற் டின்னின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பின்னாலேயே மண்ணெண்ணெயும் புதுத் தோல் சப்பாத்தும் கலந்ததுபோல ஒரு வாசனை எழும்பி, கடற்கரைப் பக்கமிருந்து வந்துகொண்டிருக்கும் கருவாட்டு மணத்தைக்கூடச் சிறிது நேரம் அடக்கி வைக்கும். வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்தால் அண்ணை பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டார் என்று பொருள். அப்போது நான் கட்டைக் காற்சட்டைக்காரன். அண்ணைக்கு அரும்பு மீசை.

ஐயா சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். ஊருக்கு வரும்போது மற்றவர்களின் தகப்பன்மார் துணியும் சவர்க்காரமும் கொண்டுவர, அவர் அண்ணைக்கு விரல் உயரப் பெயின்ற் டின்கள் கொண்டுவருவார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாட்டுக் கப்பல்களுக்குப் பூசுகிற எனாமல் அது. அண்ணை முருக்கங்கட்டையைக் குடைந்து, எங்கள் தாய்வழிப் பாட்டனார் ஓட்டிய பாய்க்கப்பலைப் போல ஒன்று செய்துகொண்டிருந்தார். அந்தக் கப்பலை அவர் கண்டதில்லை. அம்மா சொல்லக் கேட்டு, வயிற்றுப் பக்கத்துக்குப் பச்சை என்று முடிவு செய்திருந்தார்.

அதே பாய்க்கப்பல் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கில் செய்த மேசையொன்று எங்கள் கூடத்தில் இருந்தது. அரக்கைச் சாராயச் சத்தில் கரைத்துப் பூசிய பழைய பொலிஷ். குனிந்தால் முகம் தெரியும். வேறு தளபாடங்களை அம்மா துடைப்பார், அதை மட்டும் தடவுவார். அந்த மேசையில்தான் அண்ணை, பழைய பேப்பரை விரித்துக்கொண்டு, கப்பலுக்குப் பெயின்ற் அடித்தார். அக்காவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த கிழமையில், சோழகக் காற்று யன்னல் கதவைப் படாரென்று அடிக்க, கதவு டின்னை அடிக்க, பச்சை முழுவதும் பேப்பரைத் தாண்டித் தேக்கில் ஊற்றுண்டது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஈர எனாமலைத் துடைக்கக்கூடாது. பஞ்சால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு மேசையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், பெயின்றை இளக்குகிற ரேப்பன்ரைன் எண்ணெயைத் தொட்டுப் பரீட்சித்துவிட்டு, மரத்தின் ஓட்டத்தோடு மெல்லத் தடவ வேண்டும். சாராயச் சத்துள்ள எதையும் கிட்டவும் கொண்டுவரக்கூடாது, அது அரக்குப் பொலிஷையும் சேர்த்துக் கரைத்துவிடும். இவ்வளவும் எனக்கு இன்று தெரியும். அன்று கூடத்தில் நின்றவர்களில் அண்ணைக்கு மட்டும் இதில் பாதி தெரிந்திருந்தது.

"தொடாதேங்கோ அம்மா. ஒத்தித்தான் எடுக்கவேணும்."

"நீ ஒத்தினது காணும். தள்ளு அங்காலை!"

அம்மா ஈரச்சீலையால் ஒரே இழுப்பாக இழுத்தார். உள்ளங்கை அளவு இருந்த பச்சை, சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டைக் கோப்பை அளவாயிற்று. சத்தம் கேட்டு வேலிக்கு அப்பாலிருந்து மாமி வந்தார். எங்கள் பக்கத்தில் ஆபத்துக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, ஆலோசனையோடு வருவார்கள்.

"மண்ணெண்ணெய் விட்டுப் பாரும் மச்சாள்."

"போன வருசம் உம்மடை கதிரைக்கு விட்டனீர். இப்பவும் அதிலை இருந்திட்டு எழும்பினால் சீலை மணக்குது."

"மணந்தால் என்ன, கறை போயிட்டுதெல்லே?"

அம்மா மறுத்துப் பேசினாரே தவிர, மாமி போனதும் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். பச்சை இளகிப் பாதி போனது, மீதி மரத்தின் ஓட்டங்களுக்குள் இறங்கிக்கொண்டது. அதற்கு மேல் சலவைச் சோடாவைப் போட்டுத் தேங்காய்த் தும்பால் உரஞ்சினார். பொலிஷ் உரிந்து, வெளிறிய ஒரு வட்டமும் அதற்குள் இலை நரம்புபோலப் பச்சைக் கோடுகளும் எஞ்சின. அம்மா கதிரையில் இருந்து அழுதார். மேசைக்காக மட்டும் அழவில்லை. எங்கள் ஊரில் சைவமும், வேதம் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவமும் இருந்தன. இரண்டுக்கும் மேலாக எல்லாரும் தவறாமல் அனுட்டித்த ஒரு சமயம் இருந்தது, 'ஆக்கள் என்ன சொல்லுவினம்' என்பது அதன் ஒரே மந்திரம்.

"என்னைப் பாக்க வருகினமோ, மேசையைப் பாக்க வருகினமோ?" என்றார் அக்கா.

"உன்னிலை பழுது சொல்ல ஏலாது. அதுக்குத்தான் மேசையைப் பாப்பினம்," என்றார் அம்மா. அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை பூவேலை செய்த மேசைச்சீலை விரிக்கப்பட்டது. கறைக்கு நேர்மேலே பலகாரத் தட்டம் வைக்கப்பட்டது. மாப்பிள்ளையின் தாய், "தட்டத்தை இஞ்சாலை நகத்துங்கோவன், எட்டுதில்லை," என்றபோது அம்மா, "காத்துக்குச் சீலை பறக்கும், அது அங்கையே இருக்கட்டும்," என்று சொல்லி, முறுக்கைத் தானே எடுத்துக் கையில் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய் அதை விசேட மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும். கலியாணம் ஒப்பேறிற்று.

அதற்குப் பிறகுதான் அண்ணை வேலையைத் தொடங்கினார். பள்ளி விடுமுறை முழுவதும் அவர் கடற்கரைக்குப் போகவில்லை. தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ரேப்பன்ரைனில் நனைத்து, ஒவ்வொரு பச்சைக் கோட்டின் வழியாகவும் உழுவதுபோல இழுப்பார். இளகியதைச் சிப்பி ஓட்டின் விளிம்பால் சுரண்டுவார். பிறகு அரத்தாள், முரடு முதலில், நைசு பின்னர். பிறகு அரக்குப் பொலிஷ், துணிப் பொட்டணியில் தோய்த்து, கை நிற்காமல். நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழும். ஒரு பூச்சு காய்ந்த பின்னரே மற்றப் பூச்சு. நான் பக்கத்தில் குந்தியிருந்து போத்தல் மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். "மூச்சு விடாதை, தூசு பறக்கும்," என்பார். மூச்சு விடாமல் இருந்து பார்த்து, முகம் சிவந்து, அவர் சிரிக்கிற சமயத்தில் பொலிஷில் கை நின்றுவிட, அந்தப் பூச்சை உரித்துத் திரும்பவும் தொடங்குவார்.

முடிந்த அன்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார்.

"எங்கை இருந்ததெண்டு எனக்கே தெரியேல்லையடா."

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும் ஒரு சோதனைக்கு உட்படாமல் தேத்தண்ணீர் குடிக்க முடியாது. "இந்த மேசையிலை ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குப் பச்சை பெயின்ற் ஊத்துண்டது. எங்கை எண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்!" வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள், தடவுவார்கள், பிழையான மூலையைக் காட்டுவார்கள். சம்பந்தி வீட்டாருக்கே அந்தச் சோதனை வைத்தார். மறைக்கப் பாடுபட்ட ஒன்றை இப்படி விளம்பரம் செய்த வேறு தாயை நான் அறியேன்.

அண்ணை பின்னர் ஐயாவைப்போலக் கப்பலுக்குப் போகவில்லை. சொந்தப் படகோடு ஊரிலேயே நின்றார். கரையில் நின்றாலும் கடலுக்குப் போனாலும் ஆபத்து என்றிருந்த காலத்தில், ஒரு வாடைக் காற்றுக்குப் போன படகு வரவில்லை. உடலும் வரவில்லை. உடல் இல்லாவிட்டால் மரணச் சான்றிதழுக்கு யார் யார் கையொப்பம் வேண்டும், எந்தக் கந்தோரில் எந்த யன்னலடியில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம், நான் அரச ஊழியன். அம்மா அந்தச் சான்றிதழை எடுக்க விடவில்லை. மேசையைத் தடவுவது மட்டும் கூடிற்று.

பிறகு சண்டை நெருங்க, ஊரே எழும்பி ஓடிற்று. கையில் கொண்டுபோனவற்றில் மேசை இல்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கதவும் நிலையும் இல்லை, படங்கள் இல்லை, முருக்கங்கட்டைக் கப்பல் இல்லை. அண்ணையின் கைபட்ட எந்தப் பொருளும் இல்லை.

அந்த நாட்களில் கந்தோரில் என் வேலை, இழந்த பொருட்களைப் பற்றி வந்து சொல்பவர்களிடம் கேள்வி கேட்பது. கட்டில் என்பார்கள், அலுமாரி என்பார்கள். "உங்களுடையதுதான் என்று காட்ட ஏதாவது அடையாளம் உண்டா?" என்று கேட்பேன். கீறல், சுட்ட தழும்பு, பிள்ளை ஆணியால் எழுதிய பெயர் என்று எதையாவது சொல்வார்கள். வீட்டுச் சாமானை நல்ல மாதிரி வைத்திருந்தவர்களுக்குத்தான் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒருநாள் அம்மாவும் நானும் சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகையில், தொண்டைமானாற்றில் ஒரு வீட்டுப் படலையில் நின்று தண்ணீர் கேட்டோம். அக்காவின் வயதிருக்கும் ஒரு பெண் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். செம்பை வாங்கிய அம்மா அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கூடத்தில் ஒரு தேக்கு மேசை நின்றது.

"பிள்ளை, உது எங்கடை மேசை."

அந்தப் பெண் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது வழமையான பேச்சு. "நாங்கள் ஒருத்தரிட்டை விலைக்கு வாங்கினது அம்மா. அவருக்கு எப்பிடி வந்ததோ தெரியாது. ஏதும் அடையாளம் இருக்கோ?"

என் கேள்வியை, என் குரலிலேயே, இன்னொருவர் கேட்கக் கேட்டேன்.

"இந்த மூலையிலை பச்சை பெயின்ற் ஊத்துண்டது," என்றார் அம்மா.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார், முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தார், கையால் தடவியும் பார்த்தார். "ஒண்டுமில்லையே அம்மா."

"ஓம். ஒண்டுமில்லை. என்ரை மூத்தவன் எடுத்தவன்." அம்மாவின் முகத்தில், விருந்தாளிகள் தோற்றுப்போகும்போது வரும் அந்தப் பழைய பெருமை வந்தது. பிறகு, தான் சொன்னது என்னவென்று விளங்க, அது மெல்ல இறங்கிற்று.

இந்தச் சாட்சியத்தை ஏற்றால் குடாநாட்டில் கறையில்லாத மேசையெல்லாம் எங்களுடையவை. கந்தோரில் என் மேசைக்கு முன்னால் வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அது எங்களுடையதுதானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எங்கடை சாமானும் ஆரின்ரை வீட்டிலை நிக்குதோ அம்மா," என்றார் அவர், குரல் தாழ்த்தி. "நீங்கள் கொண்டுபோறதெண்டால் கொண்டுபோங்கோ."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். கை எங்கும் நிற்கவில்லை. நிற்கக்கூடாது என்றுதானே அண்ணை ஒரு விடுமுறை முழுவதையும் செலவழித்தார்.

"வேண்டாம் பிள்ளை. வைச்சிரும். சூடான ஏதனம் மட்டும் மேலை வையாதையும், வெளிறிப் போகும்."

இப்போது அம்மா இல்லை. அந்தத் தொண்டைமானாற்று வீடும் பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். மேசை எங்கே என்று கேட்க ஆளில்லை. ஊரில் முருக்கங்கட்டையைக் குடைந்து கப்பல் செய்கிற எவரையும் நான் பல காலமாகக் காணவில்லை. நான் ஓய்வுபெற்று, அதே வளவில் கட்டிய புது வீட்டில், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மரம் மாதிரிப் படம் ஒட்டிய ஒரு மேசையில் இதை எழுதுகிறேன்.

போன கிழமை கனடாவிலிருந்து வந்த பேத்தி இந்த மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தபோது நீலப் பெயின்ற் கவிழ்ந்தது. பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். மகள் குசினிக்குள்ளிருந்து கடதாசித் துண்டோடு ஓடிவந்தாள்.

"அப்பா, உங்களுக்குத்தானே உதெல்லாம் தெரியும். கெதியாச் சொல்லுங்கோ, என்ன போடுறது?"

தெரியும். அது தண்ணீரில் கரைகிற பெயின்ற். ஈரமாக இருக்கும்வரை சவர்க்காரத் தண்ணீரும் ஒரு துணியும் போதும், எந்தக் குழந்தையும் செய்யும். காய்ந்தால்தான் சங்கடம்.

"விடு பிள்ளை," என்றேன். "கிடக்கட்டும்."

எழுந்து போய் யன்னலைத் திறந்துவிட்டேன். சோழகம் உள்ளே வந்தது. நீலம் ஓரங்களிலிருந்து காயத் தொடங்கிற்று.