வெள்ளையணுவும் வஞ்சிரமும்

எங்கள் தொழிலில் முகம் பார்ப்பதில்லை, பாட்டில்தான் பார்ப்போம். அடுத்தவருக்குப் போகும் நன்றியை எட்டி நின்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியும்.

மாடிக்காரர்

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் லேப் டெக்னீஷியன். மாடியில் டயாலிசிஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டவர் விக்டர். குணமானவர்கள் மீன் கொண்டுவந்தால் அது அவருக்குத்தான். எனக்கு வருவது மூடி சரியாக மூடாத மூத்திர பாட்டில். என் வயிற்றெரிச்சல் முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஒருநாள் விக்டரே சொன்னார்:

"உனுக்கு இன்னா மாமு, ஒக்காந்த எடத்துல வேலை. நான் ரத்தத்தோட மல்லுக்கட்டிகினு கீறேன்!"

சுருக்குப்பை

ஹார்பரில் மூட்டை தூக்கும் ஆரோக்கியம் முகம் வீங்கி வந்து சேர்ந்தார். மூத்திரம் ஏறக்குறைய நின்றுவிட்டது. இரண்டு முறை மிஷினில் போட்டார்கள். சிறுநீரகம் தேறாவிட்டால் ஆயுசுக்கும் மிஷின்தான் என்று அவர் மனைவி ரோசியிடம் டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று கிடைத்த கொஞ்ச மூத்திரத்தைச் சூடு ஆறுமுன் சுழல் கருவியில் சுழற்றி, அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வெள்ளையணுக்கள் குழாயில் வார்த்தெடுத்தது போல ஒட்டிக் கிடந்தன. சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் அவை கூட்டம் கூடினால்தான் அந்த வடிவம் வரும். கிருமியோ கண்ணில் படவில்லை. அப்படியானால் ஏதோ மருந்தை எதிரி என்று நினைத்து, உடம்பின் காவல்படை சொந்த வீட்டையே இடிக்கிறதோ?

ரோசியைத் தேடிப் போய், என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சுருக்குப்பையிலிருந்து வலி மாத்திரை அட்டை வந்தது. ஆஸ்பத்திரியிலும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறார்.

"இடுப்பு வலின்னு அழுவுறாரு சார், கடையில கேட்டு வாங்கியாந்தேன். மூத்திரத்தை இது இன்னா பண்ணும்?"

மீன் வந்த நாள்

அட்டையோடு மாடியில் இருந்த டாக்டரிடம் ஓடினேன். ஓட வைத்தது இரக்கம் மட்டுமல்ல. விக்டரிடமிருந்து ஒரு நோயாளி நழுவப்போகிறார் என்ற சந்தோஷமும்தான். டாக்டர் மாத்திரையை நிறுத்தி, படையை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார். இடிக்க வந்த அணுக்களிலேயே சில, பிறகு தங்கி இடிபாட்டைச் சீர்செய்யும் என்றும் சொன்னார். நான்காம் நாள் பாட்டில் கால்வாசி; பத்தாம் நாள் நிறைந்தது. அதன்பின் மிஷின் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் சோதனைக்கு வந்த ஆரோக்கியம் முழு வஞ்சிரத்தை விக்டர் கையில் கொடுத்தார். விக்டர் என்னைக் காட்டி, "கண்டுபுடிச்சது இவருப்பா" என்றார். ஆரோக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா நைனா, இவரு பாட்டில் வாங்குற சாரு தானே!"

விக்டர் அன்றே எனக்குப் பாதி மீனை வெட்டிக் கொடுத்தார். அது வால் பாதி என்பதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.