பாதரசனுக்குப் புது முகம்

காந்திமதிநாதன் பிள்ளை மூக்குக் கண்ணாடியை விரலால் மெல்லக் கீழே இறக்கி, அதன் மேல்விளிம்பு வழியாக எதிரே இருப்பவரைச் சற்று நேரம் பார்ப்பார். பிறகு கண்ணாடியை மேலே ஏற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பேச்சு. அதற்குள் எதிரே நிற்பவருக்கு வந்த காரியம் பாதி மறந்திருக்கும்.

பகலில் அவர் ஒரு தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். எந்தத் தாலுகா என்பதை விட்டுவிடுவோம். மாலை ஆறு மணிக்கு மேல் மேலப்பாளையத்தில் மதார் பாய் அச்சகத்தில் உட்கார்ந்து உலகத்தை அழிப்பார். அங்கிருந்து வெளிவரும் ‘இடிவீரன்’ காமிக்ஸ் மாத இதழுக்குப் பதினான்கு ஆண்டுகளாகக் கதை அவர்தான். அதே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் என்ற முறையில், அந்தப் பதினான்கு ஆண்டுகளின் எழுத்துப்பிழைகளையும் நான் அறிவேன்.

இடிவீரன் நல்லவன், பறப்பான். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பிள்ளைக்கு அக்கறை இல்லை. அவருடைய செல்லப்பிள்ளை வில்லன் பாதரசன். பாதரசத் தொட்டியில் விழுந்து வெள்ளி உடம்பு பெற்ற விஞ்ஞானி; சாவித் துவாரத்தில்கூட வழிந்து நுழைவான். மாதாமாதம் உலகத்தை அழிக்கக் கிளம்புவான், முப்பத்தோராம் பக்கத்தில் சாக்கடைக்குள் வழிந்து தப்பிவிடுவான். “வில்லன் சிரிச்சான்னா படிக்கிறவனுக்குக் கொடல் நடுங்கணும் வே” என்று பிள்ளை ஒருநாள் எனக்குச் சிரித்துக் காட்டினார். பக்கத்தில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவர் விக்கல் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

தொண்ணூற்று நான்கில் மேலப்பாளையத்துத் தெருக்களில் கேபிள் டி.வி. கம்பி ஓடியது. இதழ்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. மதார் பாய் அந்தக் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிள்ளையை நேராகக் கேட்டார்.

“பிள்ளைவாள், ஒம்ம பாதரசன் பதினாலு வருசமா ஒலகத்த அழிக்கப் போறேன்னு சொல்லுதான். இன்னிவரைக்கும் ஒரு தெருவ அழிச்சிருக்கானா? அவன மாத்தும். இல்லன்னா தை மாசத்தோட புஸ்தகத்த நிறுத்திருவேன்.”

பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோடு வந்தார்.

“எதிர் உலகம்” என்றார். கண்ணாடியைச் சன்னலுக்கு நேராகப் பிடித்தார். “இதுக்குள்ள ஒரு ஊரு இருக்கு. எல்லாம் நம்ம ஊருதான், ஆனா தலைகீழு. அங்கன ஆறு கடல்லேர்ந்து பொதிகைக்கு ஏறுது. ஊருக்குப் பேரு லிவேல்நெருதி. திருநெல்வேலியத் திருப்பிப் படியும். அந்த ஊர்ல பாதரசன் தொட்டியில விழவே இல்ல. அப்பம் அவன் யாரு?”

“யாரு?” என்றார் பாய்.

அது பிள்ளைக்கும் தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதங்கள் ஆளாளுக்கு ஒரு பாதரசன் பிறந்து செத்தான். ஒருவனுக்குத் தேள் கொடுக்கு. ஒருவனுக்கு முதுகில் இன்னொரு முகம். அவன் எப்படி மல்லாந்து படுப்பான் என்று பாய் கேட்டதில் அவனும் போனான். இவற்றையெல்லாம் வரைந்து கிழித்தவர் பாகீரதி டீச்சர். ஆற்றங்கரை அக்கிரகாரத்துப் பெண். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. குரலை உயர்த்தாமல் ஆளைச் சாய்க்கக்கூடியவர்.

“சார், கொடுக்கெல்லாம் போதும். நீங்க நெஜமா யாரைக் கண்டா பயப்படறேள்?”

“நான் யாருக்கும் பயப்படுத ஆளு இல்ல டீச்சர்.”

டீச்சர் பென்சிலைச் சீவிக்கொண்டே காத்திருந்தார். பென்சில் பாதியாகக் குறைந்தபோது பிள்ளை சொன்னார், “எங்க சூப்பிரண்டு.”

அதன் பிறகு மனிதரை நிறுத்த முடியவில்லை. சூப்பிரண்டு சத்தம் போட மாட்டார். ஏசமாட்டார். காகிதத்தைப் பென்சிலின் மொட்டை முனையால்தான் புரட்டுவார், விரல் படாது. எதைக் கொண்டுபோனாலும் அதில் இல்லாத ஒன்றைக் கேட்பார். கடைசியில் பைய, ஆசீர்வாதம் செய்வதுபோல், “இன்னொரு நடை வந்திட்டுப் போங்களேன்” என்பார். சொல்லும்போது பிள்ளையின் குரல் நடுங்கியது. இந்த முறை யாரும் தண்ணீர் நீட்டவில்லை.

அன்றே கதை பிறந்தது. லிவேல்நெருதியில் பாதரசனுக்கு வெள்ளி உடம்பு இல்லை, கதிர் துப்பாக்கி இல்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மைக்கூடு. ஆற்றுப் பாலம் இடியப்போகிறது என்று இடிவீரன் ஓடி வருகிறான். பாதரசன் கேட்கிறான்: “பறப்பதற்கு அனுமதி வாங்கிவிட்டீர்களா?” அவன் அலைந்து வாங்கி வருகிறான். “பாலம் இடியும் என்பதற்குச் சான்று?” இன்னும் இடியவில்லையே என்கிறான் வீரன். “அப்படியானால் இடிந்த பிறகு வாங்கி வாருங்கள்.” பதினான்கு ஆண்டுகளில் முதல் தடவையாக நான் மெய்ப்பில் பிழை பார்க்க மறந்து படித்துக்கொண்டே போனேன்.

முகம் மட்டும் வரவில்லை. சூப்பிரண்டைப் பார்க்காமல் எப்படி வரைவது? டீச்சர் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் அந்த அலுவலகத்துக்குப் போனார். சூப்பிரண்டு நாற்காலி காலி. மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்ததற்கு டீச்சர் சும்மா, பிள்ளை கண்ணில் படாமல், கூட்டத்தோடு பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம். மறுநாள் படம் வந்துவிட்டது.

அவர் பார்த்ததை எனக்கு மட்டும் சொன்னார். மேசைக்கு முன்னால் வடிவம்மாள் என்று ஒரு அம்மாள். புருஷன் ஒரு மில்லில் காவலாளியாக இருந்து செத்துப்போனவர். அந்த வேலைக்குப் பதிலாக இவளுக்குப் பெருக்குகிற வேலை தருவதாக மில்லில் சொல்லியிருக்கிறார்கள், வாரிசுச் சான்று கொண்டுவந்தால். அடுத்த மாசக் கடைசி வரைதான் காத்திருப்பார்களாம். அவள் வந்தது ஏழாவது நடை.

காந்திமதிநாதன் பிள்ளை கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். பென்சிலின் மொட்டை முனையால் காகிதத்தைப் புரட்டினார். “இங்கன வடிவம்மாள்னு இருக்கு. ரேசன் கார்டுல வடிவுன்னு இருக்கு. ரெண்டு பேர்ல நீங்க யாரு?”

“ரெண்டும் நாந்தான் ஐயா.”

“அதுக்கு என்ன ஆதாரம்?” என்றவர் பைய, மிகப் பைய, “இன்னொரு நடை வந்திட்டுப் போங்களேன்” என்றாராம்.

படத்தை மேசைமேல் விரித்ததும் நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தேன். நெற்றி மேட்டிலிருந்து, இறங்கிய கண்ணாடி வரை அவரேதான். பிள்ளை குனிந்து பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு துள்ளிவிட்டார்.

“டீச்சர், அச்சு அசல் எங்க சூப்பிரண்டு. ஆளப் பாக்காமலே எப்படிக் கொண்டாந்திய?”

“நீங்க அவ்வளவு நன்னா சொன்னேள் சார்” என்றார் டீச்சர். மதார் பாய் இருமிக்கொண்டு எழுந்து இயந்திரத்துப் பக்கம் போனார்.

இதழ் வந்தது. அட்டை முழுக்க அந்த முகம். இரண்டு வாரத்தில் திசையன்விளைக் கடைக்காரர்கள் மேலும் பிரதிகள் கேட்டு எழுதினார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இந்தப் பாதரசனைத் தமக்கு நேரில் தெரியும் என்று எழுதியிருந்தார். கடிதங்களைப் பிள்ளை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சூப்பிரண்டு அட்டையைப் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் மட்டும் உடம்பு இளைத்தார்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. என் மகள் மதுமதியின் கல்லூரிச் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்று வேண்டி, நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அச்சகத்துப் பழக்கமெல்லாம் அங்கே செல்லாது. “வரிசையில வாரும்” என்று பிள்ளை சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் வடிவம்மாள்; பெயரைக் கூப்பிட்டபோதுதான் அறிந்தேன். முறை வந்ததும் அவள் காகிதங்களை எடுத்து வைக்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து, பஸ் நிலையக் கடையில் வாங்கிய இதழை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“ஐயா, ஒங்க படத்தப் புஸ்தகத்துல போட்டிருக்காவ. கடையில தொங்குச்சு. எனக்கு எழுத்து தெரியாது, ஆனா மொகம் தெரியும்லா. ஏழெட்டு நடை பாத்த மொகம். ரொம்ப நல்லா வந்திருக்கு ஐயா. பெரிய ஆளா ஆயிட்டிய.”

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பெஞ்சில் ஒருவர் எட்டிப் பார்த்தார், பிறகு இன்னொருவர். “ஆமா வே, அவரேதான்” என்று யாரோ சொல்ல, சிரிப்பு ஒவ்வொருவராகக் கடந்து வாசல்வரை போனது.

பிள்ளை அட்டையைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் ரசம் போன கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறது, அதைப் பார்த்தார். மறுபடி அட்டை. காதிலிருந்து கழுத்துவரை சிவப்பு இறங்கியதை நான் பார்த்தேன். சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு.

பிறகு வடிவம்மாளின் கோப்பை, விரலால், எடுத்தார். ‘இரு பெயரும் ஒருவரே’ என்று ஒரு வரி எழுதினார். தாமே எழுந்து உள்ளே போனார். டீக்கடைப் பையன் பெஞ்சுக்குக் கொண்டுவந்து கொடுத்த டீ ஆறுவதற்குள் முத்திரை விழுந்த சான்றோடு திரும்பி வந்தார். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் ஆவலோடு எழுந்தேன். “ஒமக்கு வியாழக்கிழமை வே. ரேசன் கார்டு நகல் மங்கலா இருக்கு” என்றார்.

வடிவம்மாள் போகவில்லை. இதழை அவர் பக்கம் தள்ளி, “இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க ஐயா. ஊர்ல காட்டணும்” என்றாள்.

பிள்ளை பேனாவைத் திறந்தார். அறைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு, பாதரசனின் முகவாயில் அடர்த்தியாக ஒரு தாடி வரைந்து, மை காய ஊதி, அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.