கீச்சிட்ட சிவப்புக் கார்

என் அக்கா பிரேக் மெக்கானிக். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவாள். அவள் கை பட்ட பிரேக் மறுபடி சத்தம் போட்டதாகச் சரித்திரமே இல்லை. அப்படிப்பட்டவளிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நான்காம் முறையாகக் கீச்சென்று வந்து நின்றால், கூடவே வேலை பார்க்கும் தம்பி நான் சும்மா இருப்பேனா?

கார் அடுத்த தெருப் பாட்டு வாத்தியாருடையது. அவருடைய மாமா விட்டுப்போனது. ஆள் நெட்டை, கார் குட்டை. அவர் முழங்காலையும் தலையையும் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதற்குள் அக்கா முகத்துக் கரியைத் துடைத்துத் தயாராகிவிடுவாள். மற்றவர்களுக்கெல்லாம் கரியோடுதான் தரிசனம். எனக்கென்ன கண் அவிந்தா போயிற்று?

அன்று வாத்தியார் வாசல் பெஞ்சில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்க, அக்கா அவருக்கு டீ வாங்கப் பறந்தாள். நான் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் டிஸ்கில் பள்ளமில்லை, விளிம்பில் மேடில்லை. மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன், தேய்மானமும் இல்லை. டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடை உருவினால் அதன் முதுகில் ஒரு சொட்டு கிரீஸ் கிடையாது! அது இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும். ஆனால் பேடு அதிர்ந்து ஊரைக் கூட்டும். தொழிலில் இது அரிச்சுவடி.

டீயைக் கொடுத்துவிட்டு வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, கிரீஸ் எங்க?"

"மறந்துட்டேன்டா."

"மூணு தடவையுமா?"

அவள் காது சிவந்தது. "சத்தம் நின்னுட்டா அவர் எதுக்குடா இங்க வரப்போறாரு?"

ஸ்பேனரை ஓங்குவாள் என்று பார்த்தால் குரல் கம்மிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுக்காக அரைகுறை வேலை செய்வியா நீ?"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். எல்லாப் பேடுகளின் முதுகிலும் கிரீஸ் தடவினாள். வாத்தியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளில்லாத ரோட்டில் வேகமெடுப்பதும் பிரேக்கை அழுத்துவதுமாக, பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படியும்வரை ஓட்டினாள். திரும்பி வந்து கடை வாசலில் நின்றபோது கார் மூச்சுக்கூட விடவில்லை.

"சத்தம் போயிடுச்சு போல" என்றார் வாத்தியார், கப்பல் கவிழ்ந்த முகத்தோடு.

"முதல் தடவையே போயிருக்கும் சார். நான்தான் வேணும்னே கிரீஸ் போடல."

ஸ்டியரிங்கை விடாமல், அவரைப் பார்க்காமல் சொன்னாள். இத்தனை வருஷம் சம்பாதித்த பெயரையும் அந்த மனுஷனையும் ஒரே மூச்சில் தொலைத்துவிட்டாளே!

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "போட்டிருந்தாலும் கத்தியிருக்குங்க. இங்க வர்றதுக்கு முந்தின நாள் டிஸ்க்ல தண்ணி பீச்சிடுவேன். காலையில லேசா துரு பிடிச்சிருக்கும். அது போறதுக்குள்ள ஓடி வந்துடுவேன்."

அக்கா சட்டென்று திரும்பினாள். "டிஸ்க்ல தண்ணியா? அறிவிருக்கா உங்களுக்கு? அது என்ன ரோஜாச் செடியா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. வெளியே நின்ற எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அப்ப, இனிமே நான் சும்மா வரலாமா?" என்றார் வாத்தியார்.

"வாங்க" என்றாள் அக்கா. "ஆனா நடந்து வாங்க. அடுத்த தெருதானே."