இறங்கினால் பாத்துக்கலாம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் கோயிலின் அம்மன் சன்னதியில் இருந்ததைவிடக் கேன்டீனில் என் கணவரைச் சுற்றி அதிகக் கூட்டம் இருந்த காலம் ஒன்று உண்டு. காகிதத் தட்டில் புளியோதரையை வைத்துக்கொண்டு ஆண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். இப்ப வாங்கலாமா, இன்னும் ஏறுமா, ஒரே கம்பெனியில எவ்வளவு வைக்கலாம், இறங்கினா இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா? டாக்டர்களும் எஞ்சினியர்களும்தான். ஹில்கிராஃப்ட் இந்தியக் கடையில் ஒரு பவுண்டு வெண்டைக்காய் வாங்க ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்க்கிறவர்கள், வாழ்நாள் சம்பாத்தியத்தைப் பற்றி ஒரு மனிதரிடம் நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார்கள்.

பக்கத்து மேஜையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்துபோனது. அவர்கள் கேட்டது எல்லாமே ஒரே கேள்வி. எனக்குப் பயமாக இருக்கிறது, பயப்படாதே என்று யாராவது சொல்லுங்கள் என்பதுதான் அது. என் கணவர் அதை நன்றாகவே சொல்வார்.

அவர் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் மென்பொருள் வேலை பார்ப்பவர். பங்குச் சந்தையில் அவருக்கிருந்த தகுதி, கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஒரு கம்பெனியின் பங்கை மலிவாகக் கிடந்த காலத்தில் யதேச்சையாக வாங்கிப் போட்டிருந்ததுதான். அது ஏறியது. அவரும் கூடவே ஏறி உட்கார்ந்துவிட்டார். 'எனக்குத் தெரியாது' என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் இது எனக்குத் தைரியமாகத் தெரிந்தது.

என் தம்பியும் அப்போது ஹூஸ்டனில்தான் இருந்தான். கிரீன் கார்டு வரிசையில் அவனுடைய முறை வருவதற்குள் அவன் மகளுக்கே கல்யாணமாகிவிடும் என்று தெரிந்த பிறகு, குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டான். பிராம்ப்டனில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வீடியோ காலில் அந்த வீட்டின் ஜன்னல் எப்போதும் அவன் தலைக்கு மேலே தெரியும். அதில் பாதிக்குப் பனி நிறைந்திருக்கும். அவன் மனைவி அதைக் காட்டிச் சிரிப்பாள். இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணி, என்பாள்.

கொஞ்ச நாள் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. புறநகரில் கட்டிக்கொண்டிருந்த டவுன்ஹவுஸ் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள். தவணை தவணையாகக் கட்டிய அந்தப் பணத்தில் அவளுடைய வளையல்களும் இருந்தன. வீடு முடிந்து கையெழுத்துப் போடும் நாளில் பெரிய தொகை ஒன்றைக் கொடுக்க வேண்டும், மீதிக்கு வங்கிக் கடன். அந்தப் பெரிய தொகை, ஹூஸ்டனில் இருந்த வருஷங்களில் தம்பி சேர்த்தது, என் கணவர் சொன்ன அதே சிப் கம்பெனியின் பங்குகளாக இருந்தது. கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே என்றுகூட இல்லை. முழுக்க அங்கேதான்.

கனடா போன பிறகு அவனுடைய கேள்விகளும் கனடாக் கேள்விகளாக மாறின. சனிக்கிழமை காலையில் கூப்பிடுவான். அமெரிக்காவில் இருக்கிற அக்கவுன்ட்டைக் கனடாவுக்கு மாற்ற வேண்டுமா, கனடா டாலரை மாற்றி அமெரிக்கப் பங்கு வாங்கினால் மாற்றுகிற இடத்திலேயே எவ்வளவு போகும், அங்கே இருக்கிற வரியில்லாத சேமிப்புக் கணக்கில் இதைப் போடலாமா. என் கணவர் கனடாவை நயாகராவின் இந்தக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தாராளமா போடு மாப்ள, அதான் வரியே இல்லையே, என்றார். அந்தக் கணக்கில் வைத்தாலும் அமெரிக்கக் கம்பெனி கொடுக்கிற டிவிடெண்டில் அமெரிக்கா தன் வரியைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும் என்று தம்பிக்குப் பின்னால் வேறு யாரோ சொன்னார்கள். அது சின்ன நஷ்டம். தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா பெரிய விஷயங்களைப் பார்க்கிறவர் என்று என்னிடமே சொன்னான். எனக்கு அன்றைக்கே கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில், கையெழுத்துப் போடும் நாளுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, அவன் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டான். நான் வேலையில் இருந்தேன். என் கணவர் மகளை நடன வகுப்பில் விடக் கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பக்கம் தம்பியும் காரில்தான், பக்கத்தில் அவன் மகள். இரண்டு காரிலும் ஸ்பீக்கரில் பேச்சு ஓடியிருக்கிறது. அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தம்பி கூப்பிட்டான், நல்லாதான் இருக்கான், என்று என் கணவர் சாப்பிடும்போது சொன்னார்.

பிறகு சந்தை விழுந்தது. எல்லாம் விழுந்தது, அந்த சிப் கம்பெனி கூடுதலாக விழுந்தது. கேன்டீனில் என் கணவரைச் சுற்றி இருந்த கூட்டம் ஒரே மாதத்தில் காணாமல் போனது. புளியோதரை வாங்கிக்கொண்டு நேராகக் காருக்குப் போனார்கள். அவருடைய ஆபீஸில் ஆள் குறைப்பு ஆரம்பித்திருந்தது. எங்கள் சேமிப்பும் அதே பங்கில்தான் இருந்தது. அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

தம்பி கூப்பிட்டபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃபோன் மேஜைமேல் ஸ்பீக்கரில் இருந்தது.

"மாமா, வீட்டுக் குளோசிங் கையெழுத்து அடுத்த மாசமுங்க. இப்ப எல்லாத்தையும் வித்தாலும் பாதிகூடத் தேறாதுங்க. நீங்க எப்ப அனுப்புறீங்கன்னு தெரிஞ்சா லாயர்கிட்ட சொல்லிருவேன்."

"நான் எதை அனுப்பறது?"

"இல்லீங்க மாமா, நீங்க சொன்னீங்களே."

"நான் என்ன சொன்னேன்?"

கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது. தம்பி மெதுவாகச் சொன்னான்.

"இறங்குனா பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். அதுக்கு?"

அதுக்கு என்று என் கணவர் கேட்டதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதை நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் தம்பிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்றும் எனக்குத் தெரியும். சரிங்க மாமா, வச்சுர்றேன், என்றான். என்னிடம் பேசாமலே வைத்துவிட்டான்.

அவனுடைய மகளும் என் மகளும் ஒத்த வயதுக்காரர்கள். பெரியவர்கள் பேச்சை நிறுத்தினாலும் அவர்கள் நிறுத்தவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் என் மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் தமிழ் புரியும், பேச்சு மட்டும் இங்கிலீஷில். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா அப்படிச் சொல்லவே இல்ல, நான் கார்ல இருந்தேன்," என்றாள் என் மகள் இங்கிலீஷில். "இறங்கினா, 'வீ வில் ஸீ'ன்னுதான் சொன்னார்."

"நானும்தான் கார்ல இருந்தேன்," என்றாள் அவள். "இறங்கினா, 'ஐ வில் டேக் கேர் ஆஃப் இட்'. அதான் சொன்னார்."

என் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. இரண்டு பேருமே சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தார்கள்.

என் மகள் இந்த வீட்டில் வளர்ந்தவள். இந்த வீட்டில் பாத்துக்கலாம் என்றால் அந்த விஷயத்தை இனிமேல் எடுக்காதே என்று அர்த்தம். கொல்லைப்பக்க வேலி ஒரு புயலில் சாய்ந்தது, பாத்துக்கலாம் என்றார், அடுத்த புயல் வந்து அதைக் கொண்டே போய்விட்டது. பாஸ்போர்ட் முடியப்போகிறது, பாத்துக்கலாம். எனக்குத் தைராய்டு மாத்திரை மாற்ற வேண்டும், டாக்டரைப் பார்க்கணும், பாத்துக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்பாவும் அப்படித்தான். அவருக்கு அது ஒரு கொட்டாவி மாதிரி, தானாக வருவது.

தம்பி வளர்ந்தது ஈரோட்டில், எங்கள் அப்பாவின் வீட்டில். அப்பா அதிகம் பேசமாட்டார். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். தம்பிக்கு எஞ்சினியரிங் சீட் கிடைத்தபோது வீட்டில் கையில் ஒன்றுமில்லை. அம்மா அழுதாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, பாத்துக்கலாம், என்றார். கட்டணம் கட்டும் கடைசி நாளில் தம்பிக்கு முன்னால் அவர் பணத்தோடு காலேஜ் வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார். என் கல்யாணத்துக்கும் அதையேதான் சொன்னார். அவர் இருந்தவரைக்கும் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் போய்த் தூங்கிவிடுவோம். அந்தக் காதோடுதான் என் தம்பி பிராம்ப்டனில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இந்த இரண்டு வீட்டிலும் இருந்தவள் நான் ஒருத்திதான். அந்தச் சனிக்கிழமை எந்தக் காரிலும் நான் இல்லை.

இதை என் கணவரிடம் எடுத்துச் சொன்னேன். கவிழ்த்து வைத்திருந்த ஃபோனை நிமிர்த்தி வைத்தார். பிறகு, பாத்துக்கலாம்னா யாராவது பணம் தர்றேன்னு அர்த்தம் எடுத்துக்குவாங்களா, என்றார். எங்க அப்பா வீட்டுல எடுத்துக்குவாங்க, என்றேன். என் குரல் அன்று எவ்வளவு ஏறியது என்று எனக்கே தெரியாது, மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். அவர் தம்பியைக் கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை. என்னிடம் இருந்ததை, என் பெயரில் தனியாக இருந்ததை, நான் அனுப்பினேன். அது போதாது என்று தெரிந்துதான் அனுப்பினேன். போன வழியிலேயே அது திரும்பி வந்தது, ஒரு வரிகூட இல்லாமல்.

தம்பி மனைவியைக் கூப்பிட்டேன். அவள் எடுத்தாள். எப்போதும் அண்ணி அண்ணி என்று கொஞ்சுகிறவள், சாதாரணக் குரலில் பேசினாள்.

"நாங்க கடன் கேக்கலீங்க அண்ணி. கடன்னா அன்னைக்கே வேற எங்கியாச்சும் கேட்டிருப்போம். அண்ணன் சொன்ன சொல்லை நம்பித்தான் விக்காம வச்சிருந்தோம்."

"அவர் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா."

"அர்த்தம் என்னவா வேணா இருந்துட்டுப் போகட்டுங்க," என்றாள். "வீடு போயிருச்சு."

வீடு கட்டிய கம்பெனி முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. அங்கே அப்படித்தானாம், கையெழுத்துப் போட்ட தாளில் எல்லாம் இருந்ததாம். வளையல்களும் அதோடு போயின. அவர்கள் இன்னும் அந்த பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறார்கள். எங்களுக்கும் பிறகு என்ன நடந்தது என்றால், என் கணவருக்கு வேலை போனது, பங்கை அடிமட்ட விலையில் விற்று வீட்டு லோன் கட்டினோம். விற்ற சில மாதங்களில் அது மறுபடி ஏறியது. அதைப் பற்றிப் பேச யாரும் கேன்டீனில் நிற்கவில்லை. இப்போது அவருக்கு டாலஸில் வேலை, வெள்ளிக்கிழமை வருகிறார். கோயிலில் யாராவது பழைய பழக்கத்தில், இப்ப வாங்கலாமா அண்ணா, என்று கேட்டால், எனக்குத் தெரியாதுங்க, என்கிறார். நான் அத்தனை வருஷம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. இப்போது அதைக் கேட்டால் எழுந்து சன்னதிப் பக்கம் போய்விடுகிறேன்.

தம்பி இப்போது என்னிடம் பேசுகிறான். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, பிறந்த நாளுக்கு. குழந்தைகள் எப்படி, பனி எப்படி. ஜன்னல் அதே இடத்தில் தெரியும். அவன் மனைவி பின்னால் நடமாடுவாள், திரும்பிப் பார்க்க மாட்டாள்.

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஃபோன் வந்தது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் என்றார்கள். ஒருத்தராவது பக்கத்தில் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது, ஆஸ்பத்திரி என்றால் அவன், மற்றதெல்லாம் நான். அவன் வற்புறுத்திக் கேட்டு வாங்கிக்கொண்டது அது, அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது. நான் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டான். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எத்தனை நாள் படுக்கை என்று விசாரித்தான்.

"நீ போறியாடா?" என்றேன்.

"பாத்துக்கலாம் அக்கா," என்றான்.

அது எந்த வீட்டுப் பாத்துக்கலாம் என்று குரலில் தேடினேன். தெரியவில்லை. அவனிடமே கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. சரிடா, என்று வைத்துவிட்டு, ஹூஸ்டனிலிருந்து கோயம்புத்தூருக்கு எனக்கு ஒரு டிக்கெட் போட்டேன்.